ஆவுடையம்மா நடக்கிற பாட்டு

தம்பி, கோவிச்சுக்கிடாதீய. காதுல மாட்டியிருக்கதக் கொஞ்சம் கழட்டுங்க. ஒரே ஒரு கேள்வி கேக்கணும். பதிலச் சொல்லிட்டு மறுபடி மாட்டிக்கிடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

பாட்டுத்தான கேட்டுக்கிட்டு வாரீய? தெரியும். போன்ல பேசுதவன் காலு இப்பிடி ஒரே சீரா ஆடாது. பேசுதவன் காலு நின்னு நின்னு ஆடும். சரி, கேள்வி அது இல்ல. பஸ்ஸு தாழையூத்து தாண்டும்போது சன்னலப் பாத்துக்கிட்டே திடீர்னு சிரிச்சீய. வெளிய சிரிக்கதுக்கு ஒண்ணும் கிடையாது, வெறும் கருவேல மரந்தான். அப்பம் பாட்டுக்குத்தான் சிரிச்சிருக்கீய. எதுக்குச் சிரிச்சீய?

சும்மாவா? அவளும் அதத்தான் சொன்னா. சும்மா.

சும்மா யாரும் சிரிக்க மாட்டாவ தம்பி. நான் ரிட்டயர்டு டிக்கெட் செக்கர். சொரிமுத்துன்னு பேரச் சொன்னா எங்க டெப்போவுல இப்பமும் கண்டக்டருக்கு வேர்க்கும். நடு ரோட்டுல கையக் காட்டி வண்டிய நிறுத்துவோம். முன்வாசல்ல ஒருத்தரு ஏறுவாரு, பின்வாசல்ல நான். ஏறிட்டேன்னா டிக்கெட்டப் பாக்க மாட்டேன், மூஞ்சியத்தான் பாப்பேன். வித்தவுட்டுல வாரவன் தூங்குத மாதிரி நடிப்பான், இல்ல பைக்குள்ள கைய விட்டுத் தேடிக்கிட்டே இருப்பான். இவனுவளெல்லாம் சில்லறை. நம்மளப் பாத்துச் சிரிக்கான் பாருங்க, அவன்தான் பெரிய களவாணி. மடியில கனம் இருந்தாத்தான வழியில பயம்? அந்தப் பயத்த மறைக்கத்தான் சிரிப்பு. என் சர்வீஸ்ல நான் பிடிச்சதுல முக்காவாசி சிரிச்சவனுவதான்.

அதனாலதான் எம் பொண்டாட்டி சிரிச்சதும் எனக்குச் சுருக்குன்னு ஆயிட்டு.

மதுரைக்குத்தான போறீய? நானும் மதுரைக்குத்தான். நேரம் கெடக்கு, சொல்லுதேன்.

எம் பொண்டாட்டி பேரு ஆவுடையம்மா. அறுவது முடிஞ்சுட்டு. கல்யாணம் ஆன நாள்லருந்து அவ நடந்ததுன்னா அடுப்படியிலருந்து வாசல், வாசல்லருந்து அடுப்படி, அவ்வளவுதான். சர்க்கர வந்துட்டு. டாக்டரம்மா சின்னப் புள்ளதான், மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டா, "அம்மா, தெனமும் நடக்கணும், இல்லன்னா ஊசிதான்"ன்னு. ஊசின்னா ஆவுடைக்கு உசுரே போயிரும். சரின்னு பாளையங்கோட்டையில கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். நான்தான் கூட்டிட்டுப் போனேன் தம்பி, இத மனசுல வச்சுக்கிடுங்க. பின்னால ஆளாளுக்கு வேற மாதிரி பேசுதாவ.

கூடவே நடந்தேன். சும்மா நடக்கல, சொல்லிக் குடுத்துக்கிட்டே நடந்தேன். "கைய வீசு. முதுக வளைக்காத. அங்க என்ன பராக்கு? அந்த நீலச்சட்டைக்காரன் நம்மளையே பாக்கான், நீ அந்தப் பக்கம் திரும்பாத. மூச்ச மூக்கால விடு. காலை ஏன் தேய்க்க, செருப்பு என்ன ஓசியிலயா வந்துச்சு?" இப்பிடி ஒரு ஆளு பக்கத்துலயே சொல்லிக்கிட்டு வந்தா எவ்வளவு ஒத்தாசை! ஆனா அவளால ஒரு சுத்து முடிக்க முடியல. மூச்சு வாங்குதுங்கா. முட்டி வலிக்குங்கா. பாதியிலயே வேப்பமரத்தடியில உக்காந்துருவா. "போதுங்க, நாளைக்குப் பாப்போம்." இப்பிடியே நாளு போச்சு. சர்க்கர குறையல, கூடித்தான் நிக்கு. டாக்டரம்மா, "நடக்கீங்களா இல்லையா?"ன்னு அதட்டுதா. ரெண்டு பேரும் மண்டைய ஆட்டுனோம்.

அப்பந்தான் எங்க மக முத்தரசி பெங்களூருலருந்து வந்தா. ஒரு நா எங்க கூடக் கிரவுண்டுக்கும் வந்தா. கொஞ்ச நேரம் எங்க பின்னாலயே நடந்தா. நான் சொல்லுததையெல்லாம் கேட்டுக்கிட்டே வந்தா. வீட்டுக்கு வந்ததும் அவளோட இந்தக் காது மெஷின, இதே மாதிரிதான், வயரு கூடக் கிடையாது, சுண்டக்கா மாதிரி ரெண்டு, அத அம்மா காதுல வச்சுட்டா. அம்மாகிட்டக் கேட்டுக் கேட்டுப் போன்ல பாட்டு ஏத்துனா. "அப்பா, நாளையிலருந்து அம்மா தனியா நடக்கட்டும். நீங்க எதிர்ப்பக்கமாச் சுத்துங்க"ன்னா. அது என்னட்டி எதிர்ப்பக்கம்னு கேட்டேன். "அப்பந்தான் சுத்துக்கு ரெண்டு தடவ அம்மாவ நேருக்கு நேரா நல்லாப் பாக்கலாம்"ன்னா. படிச்ச புள்ள, யோசிச்சுத்தான் சொல்லுதுன்னு நானும் சரின்னுட்டேன்.

மறுநா காலையில பாக்கணுமே! அந்தப் பொம்பள பறக்கா. முட்டி வலியக் காணோம், மூச்சு வாங்கலக் காணோம். கை தன்னால வீசுது. நான் பாதிச் சுத்து நடக்கதுக்குள்ள எதுக்க வந்துட்டா. நிக்கச் சொல்லிக் கையக் காட்டுதேன், எங் கைக்கு ஓடுத பஸ்ஸே நின்னிருக்கு தம்பி, அவ நிக்கல. என்னையத் தாண்டிப் போயிட்டா. ஒரு சுத்து, ரெண்டு சுத்து, அவ போய்க்கிட்டே இருக்கா. நான்தான் வேப்பமரத்தடியில உக்காந்தேன்.

சந்தோசமா இருந்துச்சா? இருந்துச்சு, இல்லங்கல. ஆனா ஒரு எடத்துல, அந்தத் தண்ணித் தொட்டிப் பக்கம் வரும்போது, அவ சிரிச்சா. தரையப் பாத்துக்கிட்டு, தனக்குள்ள, ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு வந்ததும் நடை இன்னும் கூடிட்டு. நாப்பது வருசமா நான் பாக்க மூஞ்சி அது. அதுல அப்பிடி ஒரு சிரிப்ப நான் பாத்ததே கிடையாது.

எனக்கு எப்பிடி இருக்கும், சொல்லுங்க.

டாக்டரம்மாகிட்ட போனோம். சர்க்கர எறங்கிட்டு. அந்தப் புள்ளைக்கு ஒரே குஷி. நான் விசயத்தச் சொன்னேன். "இதுல ஒண்ணும் அதிசயம் இல்ல சார். பிடிச்ச பாட்டக் கேட்டுக்கிட்டு நடந்தா களைப்பு சட்டுன்னு தெரியாது. காலு தாளத்தப் பிடிச்சுக்கிடும். ஓட்டக்காரங்க கூடப் பயிற்சியில கேக்காங்க. ஆனா யாரோ போடுத பாட்டு உதவாது, அவங்க மனசுக்குப் பிடிச்சதா இருக்கணும்"ன்னா. நான் கேட்டேன், "ஒரு பாட்டு ஒருத்திக்கு மனசுக்குப் பிடிக்கணும்னா அதுக்கு ஒரு காரணம் வேணும்லா டாக்டர்?" டாக்டரம்மா மணியப் பாத்துட்டு அடுத்த ஆளக் கூப்புட்டா. பாத்தீயளா? நழுவிட்டா!

சரி, நம்மளே விசாரிப்போம்னு முடிவு பண்ணுனேன். ஆவுடை ரேசன் கடைக்குப் போன நேரம் போன எடுத்து அந்தச் சுண்டக்காயக் காதுல வச்சேன். எல்லாம் அவ சின்ன வயசுச் சினிமாப் பாட்டு. ஒண்ணுலதான் விசயம் இருக்கு. ஏதோ ஓடாத படம், பேரு கூட நினைப்புல இல்ல. ஒருத்தன் பாடிக்கிட்டே வாரான். நடுவுல மேளம் நிக்கு. அந்தப் பாடுதவன் வாய்க்குள்ளயே மெதுவா ஒரு சிரிப்புச் சிரிக்கான். பொறவு மேளம் விறுவிறுன்னு எடுக்கு. அந்த எடந்தான் தம்பி! தண்ணித் தொட்டிப் பக்கம் இவ சிரிக்கது அங்கனதான்.

வந்ததும் கேட்டேன். சுத்தி வளைக்கல.

"ஏட்டி, அந்தப் பாட்டுல ஒருத்தன் சிரிக்கானே, அங்கன நீ எதுக்குச் சிரிக்க?"

அரிசியக் கீழ வச்சா. "அவன் சிரிக்கான். எனக்கும் சிரிப்பு வருது. சும்மாதான்."

"அப்பம் நான் சிரிச்சா உனக்குச் சிரிப்பு வருமா?"

அரிசிப் பையோட வாய அவுத்துக்கிட்டே, "நீங்க எப்பம் சிரிச்சீய?"ன்னு கேட்டா.

என்ன கேள்வி தம்பி இது? நான் சிரிக்காத ஆளா? செக்கிங் டூட்டியில சிரிக்க முடியுமா? வீட்டுக்கு வந்தா அலுப்பு. சிரிப்பு என்ன டிக்கெட்டா, கேட்டதும் கிழிச்சுக் குடுக்க? ஆனா ரெண்டு நாளு அந்தக் கேள்வி என்னைய விடவே இல்ல. பொறாமைதான், மறைக்க என்ன இருக்கு. எவனோ ஒருத்தன் எந்தக் காலத்துலயோ ஒரு ரூமுக்குள்ள நின்னு சிரிச்சிருக்கான். அவனுக்கு இவ சிரிக்கா. எனக்கு இல்ல.

ஒரு பரீட்சை வச்சேன். போன் கடைக்குப் போயி அந்தப் பாட்டையெல்லாம் தூக்கிட்டு, எனக்குப் பிடிச்ச பாட்டா ஏத்தச் சொன்னேன். கோயில்ல போடுத பாட்டு, நல்ல அர்த்தம் உள்ள பாட்டு. ஆவுடை காதுல மாட்டிக்கிட்டு எறங்குனா. ஒரு சுத்து போகல. செக்குமாடு மாதிரி இழுக்கா. வேப்பமரத்தடியில வந்து உக்காந்துட்டா. "சாமி பாட்டுக்கு நடக்க மாட்ட, அவன் சிரிச்சாத்தான் நடப்பியோ?"ன்னு கேட்டேன். காது மெஷினக் கழட்டி மடியில வச்சுக்கிட்டுக் கிரவுண்டையே பாத்துக்கிட்டு இருந்தா. மறுநா காலையில பாக்கேன், மறுபடி பறக்கா. பழைய பாட்டு வந்துட்டு! இவளுக்குப் போன்ல பாட்டு ஏத்தத் தெரியாது. மக ஊருக்குப் போயிட்டா. அப்பம் யாரு ஏத்துனது?

இங்கனதான் ஜோதிராஜு வாராரு.

இந்த ஜோதிராஜு டிராயிங் வாத்தியாரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. என்னைய விட மூத்தவரு, ஆனா அரைக்கால்சட்டை போட்டுக்கிட்டுக் கிரவுண்டச் சுத்திச் சுத்தி ஓடுவாரு. வயசானவங்க ஓட்டம் நடைன்னு ஒரு சங்கம் வச்சிருக்காரு, மூத்தோர் தடகளம்பாவ. ஆவுடை நடக்கதப் பாத்துட்டு, "அம்மா, உங்க நடை போட்டி நடை"ன்னு சொன்னாராம். நான் அவர நல்லாக் கவனிச்சேன். அவரு காதுலயும் ஒண்ணு இருக்கு தம்பி! இவ காதுல ஒண்ணு, அவரு காதுல ஒண்ணு. இவ கிட்ட வரும்போது அவரு கைய எடுத்துக் காத அமுக்குதாரு. இத விட என்ன வேணும்? ரெண்டும் ஒரே லைன்ல ஓடுதுன்னு எனக்கு உறுதியாயிட்டு. பாட்டாவது கீட்டாவது, பேச்சுத்தான் நடக்குன்னு நினைச்சேன்.

கையும் களவுமாப் பிடிக்கணும். ஒரு நா காலையில அவரு ஓடி வார வழியில குறுக்க நின்னு கையக் காட்டுனேன். நின்னாரு. "சார், அந்தக் காதுல இருக்கதக் கழட்டுங்க, செக் பண்ணணும்"னேன். நல்ல மனுசன், கேள்வியே கேக்காமக் கழட்டிக் கையில குடுத்துட்டாரு. என் காதுல வச்சேன். காக்கா கத்துதது, வாசல்ல ஆட்டோ போறது, எல்லாம் பெருசாக் கேக்கு. பேச்சக் காணோம். "யாருகிட்ட பேசுதீய?"ன்னு கேட்டேன். அவரு என் வாயையே பாத்துச் சிரிச்சுக்கிட்டு நிக்காரு. நாலு தடவ கேட்டுப் பாத்துட்டேன். கடைசியில அவரே சொன்னாரு, "சார், அதக் குடுத்தீங்கன்னாத்தான் நீங்க பேசுதது எனக்குக் கேக்கும். காது மந்தம், இப்பந்தான் மெஷின் வாங்குனேன்."

சுத்தி நின்னு பாத்தவனெல்லாம் சிரிச்சான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயின்னு ஒருத்தன் எனக்குக் கேக்க மாதிரியே சொல்லுதான். சொல்லட்டும். செவிட்டு மெஷினா இருக்கலாம். ஆனா சிரிச்சுக்கிட்டே கழட்டிக் குடுத்தாரே, அதுதான் இடிக்கு. பாட்ட மறுபடி ஏத்துனது முத்தரசிதானாம், பெங்களூருலருந்தே ஏத்திரலாமாம். அதுவும் எப்பிடின்னு எனக்கு இன்னும் விளங்கல.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து ஆவுடை என்கிட்ட சண்டை போடல. சண்டை போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். சோத்தப் போட்டுட்டு எதுக்க உக்காந்தா. "இங்க பாருங்க. சங்கத்துல மாவட்டப் போட்டி வைக்காவ. நடைப் போட்டியில பேரு குடுக்கட்டுமா? ஜெயிச்சா மாநிலப் போட்டிக்கு வெளியூரு போகலாம். எனக்கு ஒரு தடவ போகணும்ங்க"ன்னா.

எனக்கு மனசு அப்பிடியே நெகிழ்ந்துட்டு தம்பி. கல்யாணம் ஆன நாள்லருந்து அவ என்கிட்ட இது வேணும்னு வாயத் தொறந்து கேட்டதே கிடையாது. போட்டின்னு நானும் பேருக்குத்தான் நினைச்சேன், அவ கண்ணப் பாத்தப்பந்தான் தெரிஞ்சுது, பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி இருக்கு. குடுன்னுட்டேன். ஆனா ஒண்ணு கேட்டேன். "போட்டியில காதுல பாட்டு வைக்க விடுவாவளா?" விட மாட்டாவளாம். வெறும் காதோடதான் நடக்கணும். எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி. அவன் இல்லாம இவ எப்பிடி நடக்கான்னு பாத்துருவோம்.

பொறவு ஒரு மாசம் அவ காதுல ஒண்ணும் மாட்டாம நடந்து பழகுனா. வேகம் குறையல. எப்பிடின்னு கிட்டப் போயிப் பாத்தா, வாய் அசையுது. பாட்டு முழுசையும் வாய்க்குள்ளயே போட்டு வச்சிருக்கா. கழட்ட முடியாத எடத்துல கொண்டு போயி வச்சுட்டா.

போட்டி அன்னைக்கு எங்க கிரவுண்டுல சனம் கொள்ளல. நடைப் போட்டிச் சட்டம் தெரியுமா உங்களுக்கு? எப்பமும் ஒரு காலு தரையில இருக்கணும். ரெண்டு காலும் ஒண்ணா மண்ண விட்டுட்டா அது ஓட்டம். சுத்தி நடுவருங்க நிப்பாவ. தப்பாப் பட்டா மொதல்ல மஞ்சள் அட்டையக் காட்டி எச்சரிப்பாவ. மறுபடி செஞ்சா சிவப்புல எழுதிருவாவ. மூணு பேரு சிவப்புல எழுதிட்டா ஆளு வெளிய. அவ்வளவுதான்.

ஆவுடை கடைசி நிமிசம் வரைக்கும் பாட்டக் கேட்டுட்டு, கிளம்பும்போது காது மெஷினக் கழட்டி, கூட நடக்கவ புருசன் ஒருத்தன்கிட்ட குடுத்துட்டுப் போறா. நான் கைய நீட்டிக்கிட்டு நிக்கேன். என்கிட்ட குடுக்கல. "நீங்க பேசாம உக்காந்திருங்க, என்ன?"ன்னு மட்டும் சொன்னா. நான் என்ன பேசிரப் போறேன்?

விசில் ஊதியாச்சு. பாக்கேன், வாய் அசையுது, காலு அளந்து வச்ச மாதிரி போகுது. மத்த பொம்பளையெல்லாம் பின்னால. தம்பி, எனக்கு நெஞ்சு விம்மிட்டு. என் பொண்டாட்டி! இத்தன சனத்துக்கு முன்னால முன்னால போறா! எப்பிடி உக்காந்திருப்பேன்? எந்திரிச்சுப் போயி வளைவுல கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கிட்ட வந்ததும், "கைய வீசு ஆவுடை! முதுக நிமித்து! அப்பிடித்தான்! பின்னால ஒருத்தி வாரா, விட்டுராத!"ன்னு சத்தம் போட்டேன். என் சத்தம் டெப்போவுல இந்த முனையில கத்துனா அந்த முனைக்குக் கேக்கும். அவளுக்குக் கேட்டுட்டு. ஒரு பாய்ச்சல் பாஞ்சா பாருங்க! அம்புதான்!

அங்கன நின்ன நடுவரு மஞ்சள் அட்டையக் காட்டுதான். எனக்குச் சந்தேகம் வந்துட்டு. இத்தன பேரு போறாவ, இவளுக்கு மட்டும் எதுக்கு அட்டை? செக்கிங்ல ஒரு பாடம் உண்டு, ஒரே ஸ்டாப்புல நிக்கக் கூடாது. எடத்த மாத்தணும். எதிர் வளைவுக்கு ஓடுனேன். அவ வந்தா. "முன்னால பாரு! மூச்ச மூக்கால விடு!" மறுபடி பாஞ்சா. அங்கன ஒருத்தன் சிவப்புல எழுதுதான். மூணாவதா மேடைப் பக்கம் போனேன். அங்கனயும் எழுதுதான். தண்ணித் தொட்டிப் பக்கம் போனேன். அங்கனயும்! மத்த எடத்துலயெல்லாம் அவ அழகா நடந்து போறா, அங்க நிக்க நடுவருங்க கையக் கட்டிக்கிட்டுச் சும்மா நிக்கானுவ. நான் நிக்க எடத்துல நிக்கவன் மட்டும் குறிச்சுக் குறிச்சு எழுதுதான். இது எப்பிடித் தம்பி? என் பின்னாலயே வாராவன்னுதான அர்த்தம்?

செக்கருன்னா பகை இருக்கத்தான செய்யும். என்கிட்ட மாட்டுன எவனோ ஒருத்தன் அதுல நடுவரா நிக்கான். அப்பிடித்தான் இருக்கணும்.

கடைசிச் சுத்துக்கு முந்தி அவளக் கையக் காட்டி நிறுத்திட்டாவ. சிவப்பு அட்டை. இவளோ எல்லாருக்கும் முன்னால வந்துக்கிட்டு இருந்தவ. பத்தடி தள்ளி அப்பிடியே நின்னா. ஓரமா வந்து புல்லுல உக்காந்து முழங்கால்ல மூஞ்சிய வச்சுக்கிட்டா. ஜோதிராஜு தண்ணி கொண்டு வந்து குடுக்காரு. அவரு கண்ணுலயும் தண்ணி. அவருக்கு எதுக்குக் கண்ணுல தண்ணி? அதையும் குறிச்சு வச்சிருக்கேன்.

நான் நடுவருகிட்ட போயிச் சண்டை போட்டேன். "என் பொண்டாட்டி நடந்தா, ஓடல"ன்னேன். அவரு, "சார், நீங்கதான் அந்தச் சத்தமா?"ன்னு கேட்டாரு. ஆமான்னேன், பெருமையாத்தான் சொன்னேன். எழுதுன சீட்ட மடிச்சுப் பையில வச்சுக்கிட்டுப் போயிட்டாரு.

பஸ்ஸுல திரும்பி வரும்போது கேட்டேன். "ஏட்டி, நல்லாத்தான நடந்துக்கிட்டு இருந்த. எதுக்கு ஓடுன?" அவ சன்னலப் பாத்துக்கிட்டேதான் சொன்னா. "பாட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சுங்க. உங்க சத்தம் கேட்டுச்சு. பாட்டு அறுந்துட்டு. காலு தன்னால ஓடிட்டு."

கேட்டீயளா? அவ வாயாலயே சொன்னா. அவன் பாட்டக் கேட்டா நடக்கா. என் சத்தத்தக் கேட்டா ஓடுதா. எது பெருசுன்னு நீங்களே சொல்லுங்க. அந்த டாக்டரம்மாகிட்ட போயி இதச் சொன்னேன். பிடிச்ச பாட்டு பிடிச்ச பாட்டுன்னீங்களே, பிடிச்ச ஆளு சத்தத்துக்கு என்ன சொல்லுதீங்கன்னு கேட்டேன். அதுக்கும் மணியத்தான் பாத்தா. அந்தப் புள்ளைக்குப் பதில் சொல்லுத பழக்கமே கிடையாது.

ஆனா பொறவு ஆவுடை ஒரு மாதிரி ஆயிட்டா. காலையில நான் எந்திரிக்கதுக்கு முந்தியே கிரவுண்டுக்குப் போயிட்டு வந்துருதா. வேர்த்து வழியுது, வழக்கத்த விட ஜாஸ்தி வேர்க்கு. என்னட்டி இப்பிடி வேர்க்குன்னா, வெயிலுங்கா. விடியதுக்கு முந்தி ஏது வெயிலு? இந்த வருசம் மாவட்டப் போட்டி அன்னைக்கு என்னைய எங்க அண்ணன் வீட்டு வளைகாப்புக்கு அனுப்பி வச்சுட்டா. ஆம்பளைக்கு வளைகாப்புல என்ன வேலை? "பெரியவங்க ஒருத்தராவது போகணும்"னா. போயிட்டு வந்து பாக்கேன், வீட்டுல மெடலு தொங்குது. மாநிலப் போட்டிக்குத் தேறிட்டாளாம். நடுவருங்க ஒரு அட்டை கூடக் காட்டலையாம். நான் போகாத அன்னைக்கு மட்டும் காட்டலையாம்! பகை என் மேலதான்னு இப்பமாவது புரியுதா?

நேத்து சங்கத்து ஆளுகளோட ரயில்ல மதுரைக்குப் போயிட்டா. "வெயிலு ஜாஸ்தி, நீங்க வர வேண்டாம். குழம்பு வச்சிருக்கேன், ரெண்டு நாளைக்குக் காணும்"னா. முத்தரசியும் போன் போட்டு, "அப்பா, சத்தியமா நீங்க போகக் கூடாது"ங்கா. அம்மாவும் மகளும் ஒரே பேச்சப் பேசுனா அதுல என்னமோ இருக்கு. இன்னைக்குச் சாயங்காலம்தான் போட்டி. அதான் கிளம்பிட்டேன். அவளுக்குத் தெரியாது. கூட்டத்துல ஒருத்தனா நின்னு, கிட்ட வரும்போது சரியா ஒரு சத்தம். அவ்வளவுதான். இந்தத் தடவ எவன் எழுதுதான்னு பாத்துருதேன்.

இருங்க, போன் அடிக்கு. அவதான். கொஞ்சம் சத்தம் போடாம இருங்க.

ஆங், சொல்லு ஆவுடை. வீட்டுலதான் இருக்கேன். சாப்புட்டேன், சாப்புட்டேன். ஆரனா? அது ரோட்டுல போற வண்டி, சன்னல் தொறந்து கெடக்கு. என்னது? இல்ல, நான் எங்கயும்... ஆமா. சரி. விருதுநகரு தாண்டிட்டு.

ஆங். ஆங். அப்பிடியா. எப்பம் குடுத்த? சரி. சரி, வைக்கேன்.

வச்சுட்டா. "எந்த ஊரு தாண்டியிருக்கீய?"ன்னு கேக்கா தம்பி. மூஞ்சியக் கூடப் பாக்காம என்னையப் பிடிச்சுட்டா.

கோவமாப் பேசல. கோவமாப் பேசியிருந்தா நானும் திருப்பிப் பேசியிருப்பேன். "நீங்க எப்பிடியும் வந்து நிப்பீயன்னு எனக்குத் தெரியும்ங்க. அதான் இந்த வருசம் நடையில பேரே குடுக்கல. மாவட்டத்துலயும் ஓட்டந்தான் ஓடுனேன், இங்கயும் ஓட்டத்துக்குத்தான் குடுத்திருக்கேன். நீங்க எங்கன வேணும்னாலும் நில்லுங்க. எம்புட்டுச் சத்தம் வேணும்னாலும் போடுங்க. ஓட்டத்துல யாரும் அட்டை காட்ட மாட்டாவ"ங்கா. வெயில்ல வெறும் வயித்தோட நிக்காதீய, டீயாவது குடிச்சுக்கிடுங்கன்னும் சொன்னா.

விடியக்காலம் வேர்த்துக்கிட்டு வந்தது இதுக்குத்தான் போல. ஓடிப் பழகியிருக்கா. என் சத்தம் வரும்னு எண்ணியே ஓடிப் பழகியிருக்கா.

நல்லதுதான? என் சத்தம் கேட்டா அவ ஓடுதா. இன்னைக்கு ஓட்டந்தான். மெடலு அவளுக்குத்தான். நான் ஒரு சத்தம் போட்டாப் போதும். நல்லதுதான தம்பி?

ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நான் எங்கன நிக்கணும்? முடியுத கோட்டுல நின்னு கூப்புட்டா, என்னையப் பாத்து வேகமா ஓடி வருவாளா? இல்ல, அவ கிளம்புத எடத்துல, அவளுக்குப் பின்னால நின்னு கத்துனாத்தான் வேகமாப் போவாளா?

இல்ல, வேண்டாம். நீங்க சொல்லாதீய.

நான் பின்னாலயே நின்னுக்கிடுதேன்.